மூன்று பேருக்கு மெல்லிய லேப்டாப்: ஒரே மாடல் சரிப்படுமா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். வீட்டில் மூன்று பேர். கேட்டவர் ஆலோசகர், மாதத்தில் பாதி நாள் பயணம், மீதி நாள் எக்செல், பவர்பாயிண்ட், வீடியோ அழைப்பு. தங்கை முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறார். வாசிப்பும் எழுத்தும்தான் வேலை. தம்பி இயந்திரப் பொறியியல் மாணவர், கூடவே வீடியோ எடிட்டிங்கும் செய்கிறார். மூவருக்கும் மெல்லிய, எடை குறைந்த, உயர்தர லேப்டாப் வேண்டும். மேக்புக் ஏர், டெல் எக்ஸ்பிஎஸ் 13, திங்க்பேட் எக்ஸ்1 கார்பன், ஏசுஸ் ஸென்புக் எஸ் 14 என்று நான்கு பெயர்களைக் குறித்துவிட்டு, "இதில் எது பெஸ்ட்? மூவருக்கும் அதையே வாங்கிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

எது பெஸ்ட் என்பது மேலோட்டமான கேள்வி. இவ்வளவு பணம் போட்டு வாங்குவது நாலைந்து வருஷம் தாங்குமா, வாங்கிய மூன்றாம் மாதம் 'ஐயோ, இதில் இது ஓடாதா' என்று தலையில் கை வைக்க நேருமா என்பதுதான் உங்கள் கவலை என்று எடுத்துக்கொள்கிறேன். நான் பல வருஷம் லேப்டாப் பழுது பார்த்தவன். இப்போது அலுவலகங்களுக்கு லேப்டாப் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பழுது மேசைக்கு வருவதெல்லாம் கெட்டுப்போனவை. ஒழுங்காக ஓடுகிறவை என் கண்ணில் படுவதே இல்லை. அதனால் 'இந்த பிராண்ட் அதிகம் கெடும், அந்த பிராண்ட் கெடாது' என்று நான் சொன்னால் அதற்கு மதிப்பில்லை, சொல்லவும் போவதில்லை. எந்தப் பாகம் எப்படிக் கெடுகிறது, கெட்டால் அதை மட்டும் மாற்ற முடிகிறதா என்பதைத் தைரியமாகச் சொல்லலாம்.

மூவருக்கும் ஒரே மாடல் வேண்டாம். இந்த வகுப்பில் எதை எடுத்தாலும் அன்றாட வேலைக்கு வேகம் போதும். ஒன்றுக்கொன்று வித்தியாசப்படுவது, மெலிவுக்காக எதை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்பதில்தான். 2008இல் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் மேக்புக் ஏரைக் காகித உறையிலிருந்து உருவிக் காட்டியபோது அதில் ஒரே ஒரு யூஎஸ்பி போர்ட். சிடி டிரைவ் கிடையாது, நெட்வொர்க் கேபிள் செருக இடம் கிடையாது, பேட்டரியை நாமே கழற்றி மாட்ட முடியாது. 2011இல் இன்டெல் 'அல்ட்ராபுக்' என்ற பெயரில் மற்ற நிறுவனங்களையும் இந்தப் பாதைக்குத் தள்ளியது. அன்றைக்கு சிடி டிரைவை இழந்தோம். இன்றைக்குப் பின்னால் ரேம் கூட்டும் வசதியை, விசிறியை, ஹெட்போன் துளையை இழக்கிறோம். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொன்றை வெட்டியிருக்கிறது. வெட்டியது உங்களுக்குத் தேவைப்படாத ஒன்றாக இருந்தால் அது நல்ல லேப்டாப்.

தம்பியிலிருந்து தொடங்குகிறேன், சிக்கல் அங்கேதான். இயந்திரப் பொறியியல் என்றால் பெரும்பாலும் சாலிட்வொர்க்ஸ் அல்லது அதுபோன்ற வரைவு மென்பொருள். சாலிட்வொர்க்ஸ் விண்டோஸுக்கு மட்டுமே வருகிறது. இன்டெல் சிப் இருந்த பழைய மேக்குகளில் பூட் கேம்ப் வழியாக விண்டோஸைத் தனியாக நிறுவ முடிந்தது; 2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 வந்த பிறகு, ஆப்பிள் சிப் மேக்குகளில் அந்த வழி அடைபட்டுவிட்டது. பேரலல்ஸ் போன்ற மென்பொருளுக்குள் விண்டோஸை ஓட்டலாம், ஆனால் உள்ளே ஓடுவது ஆர்ம் என்ற, அலைபேசிகளில் இருக்கும் வகைச் சிப்புக்கான விண்டோஸ். வழக்கமான இன்டெல், ஏஎம்டி சிப்புக்காக எழுதிய கனமான பொறியியல் மென்பொருளை அதற்குள் மொழிமாற்றி ஓட்டிப் படிப்பை நடத்துவது தேர்வுக்கு முந்தைய இரவில் கழுத்தை அறுக்கும். யாரோ ஒருவர் ஓட்டிக் காட்டிய வீடியோ இணையத்தில் இருக்கும். அதை நம்பி வாங்க வேண்டாம்.

இதே காரணத்தால் ஸ்னாப்டிராகன் என்ற ஆர்ம் வகைச் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்பும் தம்பிக்கு ஆகாது. 2024 ஜூனில் ஸ்னாப்டிராகன் எக்ஸ் வரிசையோடு வந்த லேப்டாப்கள் உண்மையிலேயே நல்லவை. பேட்டரி நிற்கும், சூடு குறைவு, சார்ஜரைக் கழற்றினாலும் வேகம் பெரிதாக இறங்காது. பழைய செயலிகளை பிரிஸம் என்ற மொழிமாற்றி மூலம் ஓட்டுகின்றன, அலுவலகச் செயலிகள் பெரும்பாலும் ஓடிவிடுகின்றன. ஆனால் அந்த மொழிமாற்றி சாதாரணச் செயலிகளுக்கு மட்டும்தான். விண்டோஸின் அடிமட்டத்தில் உட்கார்ந்து கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருள்களுக்கு அது உதவாது. அவை ஆர்முக்கென்றே தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். பழைய பிரிண்டர், ஆய்வகக் கருவி, சில நிறுவனங்களின் விபிஎன், ஆன்லைன் தேர்வுக்கான கண்காணிப்பு மென்பொருள் எல்லாம் தடுக்கி விழுவது இங்கேதான். இந்த நிலைமை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. இன்று ஓடாதது அடுத்த வருஷம் ஓடலாம். டிரைவர் பற்றிய விதி நிச்சயமானது, எந்தச் செயலி ஓடும் என்ற பட்டியல் நிலையில்லாதது. 'சீக்கிரம் சரியாகிவிடும்' என்ற வாக்குறுதியை நம்பி வாங்காதீர்கள். இன்றைக்கு ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்தது சூடு. லேப்டாப் விளம்பரத்தில் சொல்லாமல் விடுகிற பெரிய விஷயம் இது. ஒரு சிப் எவ்வளவு வேகமாக ஓடும் என்பது, அதிலிருந்து எழும் வெப்பத்தைச் சட்டகம் எவ்வளவு நேரம் வெளியேற்றும் என்பதைப் பொறுத்தது. உதாரணத்துக்கு இன்டெலின் கோர் அல்ட்ரா 7 258வி சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்படை மின்அளவு 17 வாட், உச்சத்தில் 37 வாட். ஒரு பெரிய கோப்பைத் திறக்கும் சில விநாடிகளுக்கு அது உச்சத்துக்குப் போய் வந்துவிடும், நமக்கும் மகிழ்ச்சி. இருபது நிமிஷம் வீடியோ எக்ஸ்போர்ட் செய்யும்போது எந்த மட்டத்தில் நிற்கும் என்பதை லேப்டாப் தயாரிப்பாளர் வைத்த விசிறியும் செம்புக் குழாயும் அவர் நிர்ணயித்த வரம்பும்தான் தீர்மானிக்கும். ஒரே சிப், ஒரே ரேம், இரண்டு வேறு லேப்டாப்: நீண்ட வேலையில் கண்கூடாகத் தெரியும் வித்தியாசம். ஏஎம்டியின் ரைஸன் ஏஐ 300 வரிசைச் சிப்புகளுக்கு இந்த இடைவெளி இன்னும் பெரியது; 15 வாட்டிலிருந்து 54 வாட் வரை எங்கே வேண்டுமானாலும் தயாரிப்பாளர் நிறுத்திக்கொள்ளலாம். சிப்பின் பெயரை மட்டும் ஒப்பிட்டு வாங்குவது அதனால்தான் ஏமாற்றத்தில் முடிகிறது. விமர்சனம் படித்தால், ஒருமுறை ஓட்டிய மதிப்பெண்ணை விட்டுவிட்டு, அதே சோதனையைத் தொடர்ந்து பல முறை ஓட்டியபோது எங்கே வந்து நின்றது என்ற வரைபடத்தைத் தேடுங்கள்.

மேக்புக் ஏரில் எம்1 முதல் விசிறியே கிடையாது. குறுகிய வேலைகளில் அதே சிப் போட்ட, விசிறி உள்ள மேக்புக் ப்ரோவுக்குச் சமமாகவே ஓடும். வேலை நீண்டால் சிப் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொண்டு சூட்டைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளும். ஐந்து நிமிஷக் குடும்ப வீடியோவுக்கு அது பொருட்டே இல்லை. ஒரு மணி நேரப் படத்தை நிறத் திருத்தத்தோடு எக்ஸ்போர்ட் செய்கிறவருக்குப் பொருட்டு. எடிட்டிங் மட்டும்தான் தம்பியின் வேலையென்றால் 14 அங்குல மேக்புக் ப்ரோவைச் சொல்லியிருப்பேன்: சுமார் 1.55 கிலோ, விசிறி உண்டு, எச்டிஎம்ஐ உண்டு, கேமராவின் எஸ்டி கார்டைச் செருக இடம் உண்டு, 120 ஹெர்ட்ஸ் மினி எல்இடி திரை. ஏரைவிட 300 கிராம்தான் அதிகம்.

ஆனால் அவர் பொறியியல் மாணவர், ஆக விண்டோஸ், அதிலும் இன்டெல் அல்லது ஏஎம்டி. உங்கள் பட்டியலில் உள்ள நான்கில் ஒன்றுகூட அவருக்குப் பொருத்தமில்லை என்பதே என் முடிவு. தனி என்விடியா கிராஃபிக்ஸ் உள்ள 14 அங்குல லேப்டாப் ஒன்று அவருக்கு வேண்டும். தனித்தனி பாகங்களை வரைவதற்கும் சிறு தொகுப்புகளுக்கும் சிப்போடு வரும் கிராஃபிக்ஸே சமாளித்துவிடும். ரெண்டரிங், சிமுலேஷன், எடிட்டிங் என்று வரும்போது, பல மென்பொருள்கள் என்விடியாவின் கூடா என்ற தொழில்நுட்பத்தை நம்பி இருப்பதால், அந்த கார்டு இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் காத்திருக்கும் நேரத்தில் பெரிய இடைவெளி. ஏசுஸ் செஃபிரஸ் ஜி14, 2024இல் புதிய உலோகச் சட்டகத்தில் வந்தபோது, சுமார் 1.5 கிலோதான் இருந்தது. விளையாட்டுக்கான லேப்டாப் என்ற முத்திரை அதன்மேல் உண்டு. வகுப்பறையில் திறந்து வைத்தால் அப்படித் தெரியாது. கேட்கும். முழு வேகத்தில் விசிறிச் சத்தம் இருக்கும், பேட்டரியும் நீங்கள் சொன்ன நான்கைப் போல நிற்காது. தம்பிக்கு அறையில் மேசையும் மின்செருகியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் இவை பெரிய குறையாகத் தெரியாது. நாள் முழுக்க நூலகத்தில் உட்காருகிறவர் என்றால் அதையும் யோசியுங்கள்.

ரேம் விஷயத்தில் கொஞ்சம் கறாராகவே பேச வேண்டியிருக்கிறது, மூவருக்கும் பொதுவானது என்பதால். நீங்கள் சொன்ன நான்கிலும் ரேமைப் பின்னால் கூட்ட முடியாது. மேக்குகளில் அது சிப்பின் பொதியிலேயே சேர்ந்து வருகிறது. இன்டெலின் கோர் அல்ட்ரா 200வி வரிசையிலும் அப்படித்தான். 16 ஜிபி அல்லது 32 ஜிபி, அதற்கு மேல் அந்த வரிசையில் கிடையாது. மற்றவற்றில் மதர்போர்டில் பற்றவைத்திருப்பார்கள். இதில் வெறும் பேராசை என்று குற்றம் சொல்வதும் முழு நியாயமில்லை. சிப்புக்கு ஒட்டி ரேம் இருந்தால் மின்சாரம் குறைவாகச் செலவாகும், வேகமும் கூடும். அந்த நீண்ட பேட்டரி நேரத்தில் ஒரு பங்கு இதிலிருந்து வருகிறது. ஆனால் விளைவு என்னவென்றால், வாங்கும் நாளில் எடுக்கும் முடிவு கடைசி நாள் வரை. 16 ஜிபிக்குக் கீழே எதையும் தொடாதீர்கள். ஆப்பிளே 2024 அக்டோபரில் மேக்புக் ஏரின் தொடக்க அளவை 8இலிருந்து 16க்கு உயர்த்திவிட்டது. பழைய இருப்பில் 8 ஜிபி ஏர் மலிவாகக் கிடைத்தாலும் திரும்பிப் பார்க்க வேண்டாம். தங்கைக்கு 16 போதும். உங்களுக்கு 16இல் ஓடும். நூறு தாவல்களைத் திறந்து வைத்துக்கொண்டே வீடியோ அழைப்பில் திரையைப் பகிர்கிறவர் என்றால் 32. தம்பிக்கு 32, யோசிக்காமல். சிப்பில் ஒரு படி மேலே போவதா, ரேமில் ஒரு படி மேலே போவதா என்று தடுமாறினால் ரேம் பக்கம் போங்கள்.

சேமிப்பிடம் இந்த அளவுக்குக் கவலையில்லை. எக்ஸ்1 கார்பன், எக்ஸ்பிஎஸ், ஸென்புக் மூன்றிலும் எஸ்எஸ்டி தனிக் கார்டாக இருப்பதால் பின்னால் பெரியதாக மாற்றலாம். மேக்புக் ஏரில் முடியாது. வெளிப்புற எஸ்எஸ்டி ஒன்றைச் செருகிக்கொள்ளலாம், சிலருக்கு அதுவே போதுமானதாக இருக்கும்.

ரேமைக் கூட்டும் வசதி கட்டாயம் வேண்டும் என்றால் இந்த வகுப்பைவிட்டுச் சற்றே வெளியே வர வேண்டும். ஃபிரேம்வொர்க் லேப்டாப் 13 சுமார் 1.3 கிலோதான், ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி, திரை, மதர்போர்டு வரை வாங்கியவரே மாற்றலாம், போர்ட்டுகளைக்கூடக் கழற்றி வேறு மாட்டலாம். எக்ஸ்1 கார்பனின் தடித்த சகோதரனான திங்க்பேட் டி14, ஐந்தாம் தலைமுறையில் மறுபடி இரண்டு ரேம் துளைகளோடு வந்தது. பழுது பார்ப்பவன் கண்ணுக்கு இவை இரண்டும் அழகானவை. உங்கள் கண்ணுக்கு எப்படியோ தெரியாது.

இப்போது உங்கள் தேவை. பயணம், கூட்டம், எக்செல். மேக்கில் எக்செல் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அது போதும். ஆனால் பெரிய தரவுகளை அலசும் பவர் பிவட் மேக் எக்செலில் இல்லை, தரவுத்தள மென்பொருளான ஆக்சஸ் மேக்குக்கு வருவதே இல்லை, விண்டோஸில் எழுதிய சிக்கலான மேக்ரோக்கள் மேக்கில் அப்படியே ஓடும் என்ற உறுதியும் இல்லை. வாடிக்கையாளர் அனுப்பும் கோப்பைத் திறந்து அவர் முன்னாலேயே வேலை காட்டுகிற தொழில் உங்களுடையது. அதனால் உங்களுக்கு நான் சொல்வது எக்ஸ்1 கார்பன், கோர் அல்ட்ரா 200வி சிப் போட்ட பதின்மூன்றாம் தலைமுறை. ஒரு கிலோவுக்குச் சற்றுக் கீழே எடை. இவ்வளவு மெலிந்தும் முழு அளவு எச்டிஎம்ஐயையும் பழைய யூஎஸ்பி-ஏவையும் விட்டுவைத்திருக்கிறார்கள். எந்தக் கூட்ட அறைக்குப் போனாலும் புரொஜெக்டரைச் செருக டாங்கிள் என்ற இணைப்பு மாற்றியைத் தேட வேண்டாம். விசைப்பலகை நன்றாக இருக்கும். நடுவில் மவுஸுக்குப் பதிலாக உள்ள சிவப்புக் குமிழ் பிடித்தவர்களுக்கு அது ஒரு போதை, மற்றவர்களுக்கு அது ஒரு புள்ளி. லெனோவா இதன் முழுப் பராமரிப்புக் கையேட்டையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது, அது எனக்குப் பிடித்த விஷயம். இந்த விலையில் திரை மட்டும் எடுத்ததும் கண்ணைப் பறிக்காது, குறிப்பாக அடிப்படை ஐபிஎஸ் (வழக்கமான எல்சிடி வகை) திரை.

எக்ஸ்பிஎஸ் 13 பார்க்க நான்கிலும் அழகு, ஸ்பீக்கரும் கட்டுமானமும் உயர்தரம். ஆனால் 2024இல் வந்த வடிவத்தில் இரண்டு யூஎஸ்பி-சி போர்ட் மட்டும். ஹெட்போன் துளை இல்லை. மேல்வரிசை எஃப் விசைகளும் எஸ்கேப்பும் அழுத்த முடியாத தொடுபட்டைகள். டச்பேட் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கோடும் கிடையாது. எக்செலில் எஃப்2, எஃப்4 விசைகளைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிறவருக்கு இது நாள் முழுக்க உறுத்தும். உங்களுக்கு வேண்டாம் என்று சொல்லக் காரணம் இந்த ஒன்றுதான். மற்றபடி நல்ல இயந்திரம்.

பேட்டரியைப் பற்றி விளம்பரத்தில் வரும் மணிக்கணக்கை நான் பார்ப்பதே இல்லை. அது பெரும்பாலும் திரையின் ஒளியைக் குறைத்து வைத்து வீடியோ ஓட்டி எடுத்த கணக்கு. நம்பத் தகுந்தது, பேட்டரி எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்று சொல்லும் வாட்-மணி எண். எக்ஸ்1 கார்பனில் 57, எக்ஸ்பிஎஸ் 13இல் 55, 13 அங்குல எம்4 ஏரில் 53.8, ஸென்புக் எஸ் 14இல் 72 வாட்-மணி. எழுதுவது, படிப்பது போன்ற இலகுவான வேலையில் நல்ல லேப்டாப் சராசரியாக 5 முதல் 7 வாட் இழுக்கும். 55 வாட்-மணியை 6ஆல் வகுத்தால் ஒன்பது மணி நேரம். வீடியோ அழைப்பில் கேமரா, மைக், வைஃபை, திரை எல்லாம் சேர்ந்து இழுப்பு அதைப்போல இரண்டு மடங்கு ஆகலாம், நேரம் பாதியாகும். இந்த வாட் கணக்கு என் தோராயம். உங்கள் ஒளி அளவும் செயலிகளும் அதை மாற்றும். 2020 முதல் சில வருஷம் இந்த விஷயத்தில் மேக்கை விண்டோஸ் லேப்டாப்கள் நெருங்கவே முடியவில்லை. 2024இல் வந்த ஸ்னாப்டிராகன் எக்ஸும் கோர் அல்ட்ரா 200வியும் இலகுவான வேலைகளில் அந்த இடைவெளியைப் பெருமளவு மூடிவிட்டன. விமானத்தில் எடுத்துப்போகும் வரம்பான 100 வாட்-மணிக்கு இவை எல்லாமே நன்றாகக் கீழே இருப்பதால் அந்தக் கவலை வேண்டாம்.

மூடி வைத்த விண்டோஸ் லேப்டாப் பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு சூடாவது பயணம் செய்கிறவர்கள் அடிக்கடி சொல்லும் புகார். இப்போதைய விண்டோஸ் லேப்டாப்கள் 'உறங்கும்'போது முழுதாக உறங்குவதில்லை. அலைபேசியைப் போல அவ்வப்போது விழித்து மின்னஞ்சல், அப்டேட் பார்க்கின்றன. பழைய பாணி ஆழ்ந்த உறக்கம் பலவற்றில் நீக்கப்பட்டுவிட்டது. மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி, அதாவது திறந்திருந்ததைச் சேமித்துவிட்டு முழுதாக அணையும்படி, அமைப்பில் மாற்றிவிட்டால் பிரச்சினை தீரும். திறக்கும்போது சில விநாடி கூடும், அவ்வளவுதான்.

தங்கைக்கு மேக்புக் ஏர். 13 அங்குலம், 16 ஜிபி, 1.24 கிலோ. சத்தமே இல்லாத இயந்திரம், நூலகத்துக்கு ஏற்றது. மூடினால் உறங்கும், திறந்தால் உடனே எழும். 2025இல் வந்த எம்4 ஏரில் மூடியைத் திறந்து வைத்தபடியே இரண்டு வெளித்திரைகள் இணைக்கலாம். எம்3இல் இரண்டு வேண்டுமென்றால் மூடியை மூட வேண்டும். ஒரே ஒரு மானிட்டர் வைத்திருப்பவருக்கு அந்த வித்தியாசம் தேவையில்லை, 16 ஜிபி எம்3 குறைந்த விலைக்குக் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். வாங்கும் முன் ஆய்வுக்கு எந்த மென்பொருள் பயன்படுத்துகிறார் என்று கேளுங்கள். புள்ளியியலுக்கான எஸ்பிஎஸ்எஸ், ஆர், மேற்கோள்களைத் தொகுக்கும் ஸோடெரோ எல்லாம் மேக்கில் உண்டு. பேட்டி, ஆவணங்களை அலச உதவும் என்விவோ மேக்கிலும் உண்டு, ஆனால் விண்டோஸ் பதிப்பில் உள்ள வசதிகள் எல்லாம் அதில் இல்லை. வழிகாட்டி விண்டோஸ் பதிப்பில் வேலை செய்பவராக இருந்தால் கோப்புப் பரிமாற்றத்தில் தகராறு வரும். அப்படியானால் இன்டெல் சிப் போட்ட மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் லேப்டாப் நல்ல மாற்று. அதன் 3:2 விகிதத் திரை உயரமானது. பிடிஎஃப் பக்கம் வாசிக்கிறவருக்கு அது ஒரு வரம்.

ஸென்புக் எஸ் 14ஐ ஏன் யாருக்கும் ஒதுக்கவில்லை என்று கேட்பீர்கள். 1.2 கிலோவில் 72 வாட்-மணி பேட்டரியும், எச்டிஎம்ஐயும், ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் அற்புதமான ஓஎல்இடி திரையும் கொடுக்கிறார்கள். உங்களுக்கு எக்ஸ்1 கார்பன் கிடைக்காவிட்டால் அடுத்த தேர்வு இதுதான். என் தயக்கம் ஓஎல்இடி பற்றியது, அதில் எது நிச்சயம், எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். நிச்சயம்: கறுப்பு உண்மையான கறுப்பாக இருக்கும், படம் பார்க்க நிகரில்லை. இதுவும் நிச்சயம்: வெள்ளைப் பின்னணியில் ஓஎல்இடி அதிக மின்சாரம் குடிக்கும், அலுவலக வேலை முழுக்க வெள்ளைப் பின்னணிதான். பல ஓஎல்இடி திரைகள் ஒளியைக் குறைப்பதற்குப் பதிலாக வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன என்பதும் அளந்து பார்த்த உண்மை. அது கண்ணை உறுத்துமா என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. சிலர் ஒரு மணி நேரத்தில் தலைவலி என்கிறார்கள், பலருக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஒரே இடத்தில் நிற்கும் பட்டைகள் திரையில் தடமாகப் படிந்துவிடும் என்ற பயம் முன்பு நியாயமானது. இப்போது திரையே தன்னைக் காத்துக்கொள்ள சில உத்திகளைச் செய்கிறது; தினமும் எட்டு மணி நேரம், ஐந்து வருஷம் என்ற பயன்பாட்டில் அது எவ்வளவு காப்பாற்றும் என்பது ஒவ்வொருவர் ஒளி அளவையும் பழக்கத்தையும் பொறுத்தது. டாஸ்க்பாரை மறைத்து வைத்தால் நல்லது. எழுத்து வேலையே பிரதானம் என்றால் நான் பளபளப்பில்லாத ஐபிஎஸ் திரையைத்தான் எடுப்பேன்.

'ராணுவத் தரச் சோதனையில் தேறியது' என்று பல பெட்டிகளில் போட்டிருக்கும். மில்-எஸ்டிடி-810 என்பது சோதனை முறைகளின் தொகுப்பு. சான்றிதழ் கொடுக்கும் அமைப்பு எதுவும் அதற்குக் கிடையாது. எந்தெந்தச் சோதனைகளை எப்படிச் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்தெடுக்கலாம். 'கோபைலட் பிளஸ்' முத்திரை, நொடிக்கு 40 லட்சம் கோடிக் கணக்கு போடும் ஏஐ பகுதி சிப்பில் இருக்கிறது, குறைந்தது 16 ஜிபி ரேம் இருக்கிறது என்பதற்கு அடையாளம். 16 ஜிபி என்ற நிபந்தனை நல்லது. ஏஐ பகுதிக்காக இன்றைக்குக் கூடுதல் பணம் கொடுக்க உங்கள் மூவரின் வேலையிலும் காரணம் எதுவும் தெரியவில்லை.

மேசைக்கு எது வருகிறது என்று சொன்னால் உங்களுக்குக் காசு மிச்சமாகலாம். விசைப்பலகையில் கொட்டிய திரவம் முதலிடம். மெல்லிய லேப்டாப்பில் விசைப்பலகைக்கும் போர்டுக்கும் நடுவே இடமே இல்லை. உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, காய்ந்துவிட்டது என்று தோன்றினாலும் ஆன் செய்யாமல் கொண்டுவருபவர்களுடையது பிழைக்க வாய்ப்பு உண்டு. அடுத்தது திரை விரிசல். கேமராவுக்கு மேல் ஒட்டும் சிறு பிளாஸ்டிக் மூடி, விசைகள்மேல் மறந்துபோன ஹெட்போன், இவற்றோடு மூடியை அழுத்தினால் திரை போய்விடும். கேமரா மூடி போட்டபடி மேக்புக்கை மூட வேண்டாம் என்று ஆப்பிளே எச்சரித்திருக்கிறது. மூன்றாவது, பேட்டரி உப்புவது. எப்போதும் சார்ஜரிலேயே கிடக்கும் லேப்டாப்பில், டச்பேட் சற்று மேலெழுந்து அழுத்த மறுத்தால் அதுதான் அறிகுறி. அந்த நொடியே பயன்பாட்டை நிறுத்திவிட வேண்டும். லெனோவா, ஏசுஸ் இரண்டிலும் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பு உண்டு, மேசையில் வைத்து வேலை செய்யும் நாட்களில் அதைப் போட்டுவிடுங்கள். மேக்புக் பேட்டரிகளுக்கு ஆப்பிள் சொல்லும் கணக்கு 1000 சுற்று. அதன் பிறகும் ஓடும், கொள்ளளவு குறைந்திருக்கும்.

நீட்டிப்பு உத்தரவாதம் பற்றிப் பொதுவாக எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. உங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. பயணத்தில் லேப்டாப் படுத்தால் உங்கள் வருமானம் படுக்கும். எக்ஸ்1 கார்பன் போன்ற வணிக வரிசைகளுக்கு ஆள் இடத்துக்கே வந்து பழுது பார்க்கும் சேவையையும், தவறுதலாக விழுந்தால் ஈடுசெய்யும் சேவையையும் சேர்த்து வாங்க முடியும். அதை எடுங்கள். தங்கைக்கும் தம்பிக்கும் அந்தப் பணத்தை வெளிப்புற பேக்கப் டிரைவில் போடுங்கள். ஏரில் போர்டு போனால் அதோடு தரவும் போகும். ஆய்வேட்டின் ஒரே பிரதி அதற்குள் இருக்கக் கூடாது.

வாங்கிய பிறகு, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மூவரும் தங்கள் உண்மையான வேலையை அதில் செய்து பார்க்க வேண்டும். நீங்கள் ஒரு மணி நேர வீடியோ அழைப்பு எடுத்து, பேட்டரி எவ்வளவு இறங்கியது, மறுமுனையில் விசிறிச் சத்தம் கேட்டதா என்று பாருங்கள். தங்கை இருட்டிய அறையில் ஒளியைக் குறைத்து இரண்டு மணி நேரம் படிக்கட்டும். தம்பி தன் பெரிய கோப்பைத் திறந்து, அரை மணி நேரம் ரெண்டர் ஓடவிட்டு, சூட்டையும் வேகத்தையும் கவனிக்கட்டும். அவருடைய படிப்பில் எந்த வரைவு மென்பொருளின் எந்தப் பதிப்பைச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதினால், எந்த கிராஃபிக்ஸ் கார்டு போதும் என்று இன்னும் துல்லியமாகச் சொல்கிறேன்.